லினக்ஸ் நிறுவல்: வழங்கலைக் குறை கூறுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்ததால், விண்டோஸ் 11இன் நிபந்தனைகளுக்குள் அடங்காத பழைய மடிக்கணினிகளை வைத்திருப்போர் பலர், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பாவித்த நிலையில் வாங்கப்பட்டு, பிள்ளையின் உயர்தரப் படிப்புக்கும் வீட்டாரின் இணையத் தேவைக்கும் ஒன்றாகவே உழைக்கும் இயந்திரங்களும் இவற்றில் அடங்கும். இவற்றில் லினக்ஸை நிறுவ முற்படுவோர் செய்யும் தவறுகளில் பெரியது, வேலை எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது என்று பாராமலே வழங்கலை, அதாவது உபுண்டு, மின்ட் என வெவ்வேறு பெயர்களில் வரும் லினக்ஸ் தொகுப்பை, மாற்றுவதாகும். உபுண்டு சரிவரவில்லை என்று மின்ட்டுக்கும், அதுவும் சரிவரவில்லை என்று பெடோராவுக்கும் தாவுகிறார்கள். கோளாறோ பென் டிரைவிலோ, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸின் அமைப்பிலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதற் கட்டம் பதிவிறக்கம். உபுண்டு 24.04இன் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவலுக்குத் தேவையான அனைத்தும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) ஏறத்தாழ 6 ஜிகாபைட். லினக்ஸ் மின்ட் 22இன் கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட். இரவு நேர டேட்டாவை நம்பி, மலைச்சரிவில் வந்துவந்து போகும் சிக்னலில் இறக்கும் கோப்பு இடையில் அறுந்து, பிரவுசர் அதை முழுமையானதாகக் காட்டிவிடவும் கூடும். அத்தகைய கோப்பிலிருந்து தொடங்கும் நிறுவல், பாதி வழியில் விளங்காத ஒரு பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டொரன்ட் முறையில் இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒவ்வொரு துண்டும் தானாகவே சரிபார்க்கப்படும். வேறு வழியில் இறக்கியவர்கள், வழங்கலின் தளத்தில் தரப்பட்டுள்ள எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்ணை) தம் கோப்பின் எண்ணுடன் ஒப்பிட வேண்டும். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளை இதற்குப் போதும். இறக்கிய கோப்பை அப்படியே பென் டிரைவில் கொப்பி செய்துவிட்டு, கணினி அதிலிருந்து தொடங்கவில்லை என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள்கொண்டு அதை எழுத வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பை நேரே தொடக்க உதவும் வென்டோய் மென்பொருள் போட்ட பென் டிரைவில் மட்டுமே கொப்பி செய்வது பலிக்கும்.

அடுத்தது மின்சாரம். பாவித்த மடிக்கணினிகளின் பற்றரி பெரும்பாலும் பெயரளவில்தான் இருக்கும். விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸையும் நிறுவுவோருக்கு ஆபத்தான நேரம், லினக்ஸுக்கு இடம்விட வட்டில் விண்டோஸுக்குரிய பகுதி சுருக்கப்படும் நேரமாகும். அப்போது வட்டின் ஒரு பக்கத்திலுள்ள தரவுகள் மறு பக்கத்துக்கு நகர்த்தப்படுகின்றன. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பழைய முறைமையும் மிஞ்சாமல், புதியதும் அமையாமல் போகலாம். சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் இடிமுழக்கத்துடன் மழை இறங்கும் தோட்டப் பகுதிகளில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்வதே நல்லது. (2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருளான கதையை நினைத்தால், காலையும் முழுப் பாதுகாப்பு அல்ல.) சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியில் முன்கூட்டியே செய்து, விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்து, முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் பிரதியெடுத்த பின்னரே லினக்ஸ் நிறுவியைத் தொட வேண்டும்.

பலரும் கவனியாமல் விடும் இடம் விண்டோஸின் பூட்டுகள்தாம். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கும் கணினியில், நம்பகமான முறைமைகளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். பாவித்த மடிக்கணினியில் அந்தச் சாவி முன்னைய உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடந்தால், உள்ளே இருப்பவற்றை மீட்க வழியில்லை. ஆதலால் எதையும் மாற்றுமுன் குறியாக்கத்தை முழுமையாக நீக்குவது அவசியம். விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் நிறுத்த வேண்டும். அது இயங்கும்வரை விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது, எனவே லினக்ஸ் அந்தப் பகுதியை வாசிப்புக்கு மட்டுமே திறக்கலாம், அல்லது திறக்கவே மறுக்கலாம். நிறுவியில் வன்தட்டே தென்படவில்லை என்றால் வட்டைக் கையாளும் இன்டெலின் ஆர்எஸ்டி முறையைச் சந்தேகிக்க வேண்டும். பயோஸில் அதைப் பொதுவான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் விண்டோஸை முதலில் சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளுடன் மட்டும்) தொடங்க அமைக்காமல் மாற்றினால் நீலத்திரைதான் மிஞ்சும்.

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் லைவ் வசதியை வெறும் முன்னோட்டமாகக் கருதி ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவதும் தவறே. அங்கேயே வை-ஃபை, ஒலி, திரையின் வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பவற்றைப் பார்த்துவிடலாம். பிராட்காம் வை-ஃபை அட்டையுள்ள பழைய கணினிகளில் வலையமைப்புப் பட்டியல் வெறுமையாக இருக்கக்கூடும். அதற்கான டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருளை) இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ டிரைவர் வேண்டும். சிக்னல் பிடிக்கும் ஜன்னலோரத்தில் கையடக்கத் தொலைபேசியை வைத்து, யுஎஸ்பி வயரால் இணைத்து, தொலைபேசியின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டிரைவரை நிறுவியபின் வயரைக் கழற்றிவிடலாம்.

நிறுவல் முடிந்தும் கணினி நேரே விண்டோஸுக்கே போனால், மீண்டும் நிறுவத் தொடங்கக் கூடாது. விண்டோஸ் புதிய தொடக்க முறையான யூஈஎஃப்ஐயில் இருக்க, பென் டிரைவ் பழைய லெகசி முறையில் தொடங்கப்பட்டிருந்தால் இவ்வாறு நேரும். பயோஸின் தொடக்க வரிசையில் விண்டோஸ் முதலில் நிற்பதும் காரணமாகலாம். லோகோ வந்தபின் திரை கறுத்துப்போனால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். என்விடியா அட்டைகளில் இது கூடுதலாக நேர்கிறது. தொடக்கப் பட்டியலில் லினக்ஸின் தொடக்க வரியில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்து உள்ளே நுழைந்து, உரிய டிரைவரை நிறுவினால் தீரும்.

இவற்றைத் தாண்டிய பின்னரே வழங்கல் பற்றிய கேள்விக்குப் பொருள் இருக்கிறது. மாணவர்கள் முதல் லினக்ஸாகக் காலி (Kali) என்ற வழங்கலைத் தேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்; அது பாதுகாப்புச் சோதனையாளர்களுக்காக உருவானது, லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். ஆர்ச் நல்ல வழங்கல்தான், ஆனால் ஓயாமல் புதுப்பிப்புகளை இறக்கச் சொல்லும். டேட்டா கார்ட்டை எண்ணி எண்ணிப் பாவிக்கும் வீட்டில் அது சுமை. பெடோராவின் ஒவ்வொரு வெளியீடும் ஏறத்தாழ 13 மாதங்களும், உபுண்டுவின் இடைக்கால வெளியீடுகள் 9 மாதங்களும் மட்டுமே ஆதரிக்கப்படும். எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால வெளியீடான உபுண்டு 24.04உம் அதன்மீது எழுந்த மின்ட் 22உம் 2029வரை நிற்கும். பெயரில் உள்ள பற்றினால் தேர்வதும் உதவாது: பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ் நமது மலைத்தொடரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அதன் வெளியீடுகள் நின்று பல ஆண்டுகளாகிவிட்டன.

4 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினிக்கு மின்ட்டின் மெலிதான எக்ஸ்எஃப்சிஈ பதிப்போ, உபுண்டுவின் மெலிதான வடிவங்களான சுபுண்டுவோ லுபுண்டுவோ பொருந்தும். ஆயினும் வழங்கல் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் நினைவகம் போதாது. பழைய வன்தட்டுக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் பொருத்துவது வழங்கல் மாற்றத்தைவிட அதிக வேகத்தைத் தரும். மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்கான உபுண்டு நிறுவி நின்று பல காலமாகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த, மற்றொரு வழங்கலான டெபியன் 13இலும் அதற்கான நிறுவி இல்லை.

கடைசியாக, கோளாறே அல்லாத இரண்டு. விண்டோஸுக்குத் திரும்பியதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், லினக்ஸ் வன்பொருட் கடிகாரத்தை உலக நேரத்தில் வைத்திருக்கிறது என்பதே காரணம். உள்ளூர் நேரத்தைப் பாவிக்குமாறு லினக்ஸில் ஒரு கட்டளையால் மாற்றிவிடலாம். பாடசாலை வினாத்தாள்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அவை பெரும்பாலும், யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. விண்டோஸிலிருந்த எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து லினக்ஸில் நிறுவினால் லிப்ரே ஆபிஸ் அவற்றைத் தமிழாகக் காட்டும். புதிதாகத் தட்டெழுதுவதற்கு லினக்ஸில் மொழி விசைப்பலகைகளைச் சேர்க்கும் ஐபஸ் வழியாக ரெங்கநாதன் விசைப்பலகையையோ தமிழ்99ஐயோ சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு எழுதுபவை யூனிகோடில் அமைவதால், எந்தக் கணினியில் திறந்தாலும் பாமினியைத் தேட வேண்டியதில்லை.