பத்து நாள், ஒன்பது ஜூ: பிரிட்டனைக் காரில் சுற்றத் திட்டம் போடுவது எப்படி?

போன வருடம் ஜூன் மாதம் நான், மனைவி, எட்டு வயது மகள் மூவரும் லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து கிளம்பி, ஸ்காட்லாந்து வரை போய், பத்து நாளில் ஒன்பது மிருகக்காட்சிசாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதற்கு முந்தைய வருடமும் இதே ஆசையில் கிளம்பினோம். மூன்றாம் நாளே சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிட்டோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திட்டத்தில்தான். யார் கேட்டாலும் வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

படி 1: ஒரு ஜூவுக்கு ஒரு காரணம்

எல்லா ஜூவிலும் மீர்கேட் (கீரி போன்ற சின்ன மிருகம்) இருக்கும். இரண்டாவது நாளே குழந்தைகளுக்கு மீர்கேட் அலுத்துவிடும். அதனால் முதலில் பட்டியல் போடும்போது ஒவ்வொரு ஜூவுக்கு எதிரிலும் "இங்கே ஏன் போகிறோம்" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் அடித்துவிடுங்கள்.

எங்கள் பட்டியல் இப்படி இருந்தது. விப்ஸ்நேட்: யானைக் கூட்டம். (லண்டன் ஜூவில் யானை இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001-லேயே அவற்றை விப்ஸ்நேடுக்கு மாற்றிவிட்டார்கள்.) ட்வைக்ராஸ்: போனபோ. சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான அந்த மனிதக்குரங்கினத்தை இந்த நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது. டட்லி: மிருகத்துக்காக இல்லை, கட்டடத்துக்காக. பழைய கோட்டை நிற்கும் குன்றைச் சுற்றி 1937-ல் லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞரின் டெக்டன் குழு கட்டிய கான்கிரீட் கட்டடங்கள்; கரடிக்குழியின் வளைவைப் பார்த்துக்கொண்டே நான் அரை மணி நேரம் நின்றேன், வீட்டில் யாருக்கும் புரியவில்லை. செஸ்டர்: 1931-லிருந்து இருக்கும் பெரிய ஜூ, ஒரு முழு நாள் வேண்டும். நோஸ்லி: காரிலேயே போகும் சஃபாரி. பிளேர் டிரம்மண்ட்: சிம்பன்சித் தீவைச் சுற்றிப் படகு. ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க்: பனிக்கரடி. எடின்பரோ: பெங்குவின். யார்க்‌ஷயர் வைல்ட்லைஃப் பார்க்: சிங்கங்கள், நேரமிருந்தால் மறுபடியும் பனிக்கரடி.

லண்டன் ஜூவை இதில் சேர்க்கவே இல்லை. அது டியூபில் (லண்டன் சுரங்க ரயிலில்) போக வேண்டிய இடம். அங்கே காரை எடுத்துப் போவது வேண்டாத வேலை. ஆனால் ஒரு சனிக்கிழமை தனியாகப் போய்வாருங்கள். நம் கிர் காட்டுச் சிங்கங்களுக்கு அங்கே தனி இடமே கட்டியிருக்கிறார்கள், சாசன் கிர் ஊரைப் போலவே ரயில் நிலையமெல்லாம் வைத்து.

படி 2: வரைபடமும் அட்டவணையும்

கூகுள் மை மேப்ஸில் எல்லா ஜூவையும் குத்திவைத்து, கட்டாயம் போக வேண்டியவற்றுக்கு ஒரு நிறம், போனால் போகிறது என்பவற்றுக்கு இன்னொரு நிறம் கொடுங்கள். பயணத் திட்டத்துக்கென்றே வரும் செயலிகள் மூன்றை முயன்று பார்த்தேன். மூன்றும் விடுதி விற்பதில்தான் குறியாக இருந்தன. ஒரு சாதாரண கூகுள் ஷீட் போதும்.

அப்புறம், பெட்ரோல் பங்கில் விற்கும் பெரிய சாலை அட்லஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். ஹைலேண்ட்ஸ் பக்கம் சிக்னல் போய்விடும். தவிர, பின்சீட்டில் மகள் விரலால் சாலையைத் தொடர்ந்துகொண்டே வந்ததில் "எப்போ வரும்" என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது.

அஞ்சல் குறியீட்டை ஜூவின் சொந்தத் தளத்தில் "எப்படி வருவது" பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கிராமப்புற ஜூக்களுக்கு ஒரே குறியீட்டின் கீழ் வயலும் பண்ணையும்கூட வந்துவிடும். கடைசி இரண்டு மூன்று மைலில் நேவிகேஷனை மறந்துவிட்டு, யானைப் படம் போட்ட பழுப்புப் பலகையைப் பின்தொடருங்கள். அது உங்களை வாசலிலேயே கொண்டுபோய் விடும்.

(சேர்க்கை: பிரிஸ்டல் போகும் எண்ணத்தில் ஒரு வாசகர் "பிரிஸ்டல் ஜூ" என்று மட்டும் தட்டி, கிளிஃப்டனில் போய் இறங்கியிருக்கிறார். 1836-ல் திறந்த அந்தப் பழைய ஜூவை 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இப்போது இருப்பது நகருக்கு வெளியே, எம்5 சாலையின் 17-வது சந்திப்புக்குப் பக்கத்தில். பெயர் பிரிஸ்டல் ஜூ ப்ராஜெக்ட்.)

படி 3: மூடும் நேரத்தை நம்பாதீர்கள்

என்னைக் கவிழ்த்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் வருடத் திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. காலையில் நிதானமாக எழுவது, மதியம் வரை கார் ஓட்டுவது, மாலையில் ஜூ. இரண்டாம் நாள் நாங்கள் போன ஜூவின் தளத்தில் மூடும் நேரம் ஆறு மணி என்று போட்டிருந்தது. வழியில் ஒரு விபத்து, மோட்டார்வேயில் ஊர்ந்து ஊர்ந்து, 4.40-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மணி இருபது நிமிடம் இருக்கிறதே, ஓடி ஓடியாவது பார்த்துவிடலாம் என்று பார்த்தால், டிக்கெட் கதவு சாத்தியிருந்தது. கடைசி நுழைவு 4.30. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு மேலே ஒட்டகச்சிவிங்கியின் தலை மட்டும் தெரிந்தது, எதையோ மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது. மகள் அதற்குக் கை காட்டினாள். என்னிடம் அரை நாள் பேசவில்லை.

ஆகவே அட்டவணையில் மூன்று நேரங்களை எழுதுங்கள். கடைசி நுழைவு ஒன்று. உள்ளே இருக்கும் கூடங்கள் (ஊர்வன, பட்டாம்பூச்சி, குரங்கு வீடு) சாத்தும் நேரம் இரண்டு. இது பெரும்பாலும் ஜூ மூடுவதற்கு அரை மணி முன்பே வரும். வாசல் மூடும் நேரம் மூன்றாவது. உங்கள் நாளை முதல் இரண்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மூன்றாவது காரை வெளியே எடுக்க மட்டும்.

ஜூனில் ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் ஜூவும் திறந்திருக்கும் என்று மனசு நம்பிவிடும். நம்பாதீர்கள். குளிர்காலத்தில் இன்னும் மோசம்: டிசம்பரில் எடின்பரோவில் மூன்றே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. அந்தப் பருவத்தில் பறவைக் காய்ச்சல் பரவினால் பறவைக் கூடங்களையும் மூடிவிடுவார்கள்.

இதிலிருந்து நாங்கள் எடுத்த விதி: காலையில் மிருகம், மாலையில் சாலை. திறக்கும்போதே வாசலில் நிற்பது, நான்கு மணி வாக்கில் கிளம்பி, அடுத்த ஜூவுக்குப் பக்கத்தில் போய்த் தூங்குவது. திறந்த முதல் மணி நேரத்தில் கூட்டமும் இருக்காது. தீனி வைக்கும் நேரமென்றால் மிருகங்களும் சுறுசுறுப்பாக இருக்கும்.

படி 4: பாதையை அடுக்குவது

விதி வந்த பிறகு பாதை தானாகவே அமைந்துவிட்டது. முதல் நான்கு நாளில் விப்ஸ்நேட், ட்வைக்ராஸ், டட்லி, செஸ்டர். ஒவ்வொரு மாலையும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் ஓட்டம். ஐந்தாம் நாள் நோஸ்லி முடித்துவிட்டு, எம்6-ல் வடக்கே கார்லைல் வரை. ஆறாம் நாள் காலை இரண்டு மணி நேரம் ஓட்டி பிளேர் டிரம்மண்ட் (விதிக்கு விலக்கு, வேறு வழி இல்லை), மாலை ஏ9 சாலையில் ஏவிமோர். ஏழாம் நாள் ஹைலேண்ட். எட்டாம் நாள் ஜூவே கிடையாது. ஒன்பதாம் நாள் எடின்பரோ, இரவு நியூகாசில். பத்தாம் நாள் டான்காஸ்டருக்குப் பக்கத்திலுள்ள யார்க்‌ஷயர் பூங்கா, அங்கிருந்து வீடு.

அந்த எட்டாம் நாளை வெட்டிவிடாதீர்கள். துணி துவைக்க, மழைக்கு ஒதுங்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

எடின்பரோ ஜூ 1913-லிருந்து கார்ஸ்டார்பின் குன்றின் சரிவில் இருக்கிறது. குன்று என்றால் நிஜமாகவே குன்று. தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் மேலே போய்விட்டு, பார்த்துக்கொண்டே இறங்குவது நல்லது. பெங்குவின் ஊர்வலத்தை மட்டும் விடாதீர்கள். வரச்சொல்லி யாரும் விரட்டுவதில்லை, விருப்பமுள்ள பெங்குவின்கள்தான் வரும். நாங்கள் போன அன்று நாலே நாலு வந்தன. நார்வே மன்னரின் காவற்படையில் மேஜர் ஜெனரல் பதவி வகிக்கும் நில்ஸ் ஒலாவ் என்ற பெங்குவினும் இங்கேதான் வசிக்கிறார். 2023-ல் பதவி உயர்வு.

(சேர்க்கை: இந்தப் பதிவின் முதல் வடிவில் எடின்பரோவில் பாண்டாக்களைப் பார்க்கலாம் என்று பழைய நினைப்பில் எழுதிவிட்டேன். 2023 டிசம்பரிலேயே சீனா திரும்பிவிட்டன. சுட்டிக்காட்டிய மூன்று பேருக்கும் நன்றி.)

படி 5: டிக்கெட்

எல்லா ஜூவுக்கும் பொதுவான பாஸ் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஜோடி ஜோடியாக இருக்கிறது. லண்டன், விப்ஸ்நேட் இரண்டுக்கும் ஒரே உறுப்பினர் அட்டை. எடின்பரோவும் ஹைலேண்டும் ஒரே சங்கம், ஒரே அட்டை. தென்மேற்கே பெய்ன்டனும் நியூகேயும் அப்படித்தான், கென்டில் ஹௌலெட்ஸும் போர்ட் லிம்மும் அப்படித்தான். ஒரு ஜோடியின் இரண்டுக்கும் போகிறீர்கள் என்றால் நாள் டிக்கெட்டையும் வருட உறுப்பினர் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

சில ஜூக்கள் வேறு ஜூவின் உறுப்பினர்களை இலவசமாகவோ சலுகையிலோ உள்ளே விடுகின்றன. பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். போகும் முன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

டிக்கெட் பக்கத்தில் ஒரே நுழைவுக்கு இரண்டு விலை தெரியும். கூடுதலாக இருப்பது நன்கொடை சேர்ந்தது. நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் அந்தத் தொகையின் மேல் ஜூவுக்கு அரசிடமிருந்து கிஃப்ட் எய்ட் கிடைக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு எடுக்கிறீர்கள் என்றால் நன்கொடை இல்லாத விலையைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

படி 6: சாலையில் காசு பிடுங்கும் இடங்கள்

பழைய டீசல் கார் என்றால் லண்டன் எல்லைக்குள் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான கட்டணம்), நாளுக்கு 12.50 பவுண்டு. டட்லி போகும் வழியில் தோசை சாப்பிடலாமே என்று பர்மிங்ஹாம் நகர மையத்துக்குள் நுழைந்தால் அதே காருக்கு அங்கே 8 பவுண்டு. எம்6 டோல் என்ற கட்டணச் சாலையில் வாசலிலேயே அட்டையைத் தட்டலாம். கென்ட் பக்கம் போகிறவர்களுக்கு தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் கிராஸிங்தான் கண்ணி: சாவடியே இல்லை, நிற்காமல் கடந்துவிடுவீர்கள், மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம் வீடு தேடி வரும்.

ஏ9-ல் டன்பிளேன் தாண்டியதும் மஞ்சள் கம்பங்கள் வரும். அவை சராசரி வேகம் பார்க்கும் கேமராக்கள். கம்பத்தருகே மட்டும் மெதுவாகப் போகும் நம் வித்தை எடுபடாது.

(சேர்க்கை: மோட்டார்வே சர்வீஸில் காரைப் போட்டுத் தூங்கிய ஒரு வாசகிக்கு அபராதம் வந்திருக்கிறது. பொதுவாக முதல் இரண்டு மணி நேரம்தான் இலவசம், எண்பலகையைக் கேமரா படம் பிடித்துவிடும். அலாரம் வைத்துத் தூங்குங்கள்.)

படி 7: சஃபாரிக்குள் போகும் முன்

காரிலேயே சுற்றும் சஃபாரியை ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதலில் தொடங்கியது வில்ட்‌ஷயரின் லாங்லீட், 1966-ல். அன்றிலிருந்து குரங்குகளுக்கு வைப்பர் மேல் தீராத காதல். எங்கள் முன்னால் போன காரின் பின் வைப்பர் ரப்பரை ஒரு பபூன் உருவி, வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்து, பிடிக்காமல் அடுத்த காரின் மேல் போட்டது. அடுத்த கார் எங்களுடையது. கூரைப்பெட்டி மாட்டியிருந்தால் அதையும் திறந்துவிடும். நோஸ்லியில் பபூன் பகுதியைத் தவிர்க்க மாற்று வழி உண்டு, கூச்சப்படாமல் அதில் போங்கள்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள்; சில நிறுவனங்கள் சஃபாரியில் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. துணிக்கூரைக் காரில் வருபவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். விடுதி அறையில் கெட்டில் இருக்கும். வெந்நீர் ஊற்றிய அவலில் வீட்டிலிருந்து கொண்டுபோன தாளிப்பைக் கலந்தால் காலை டிபன் முடிந்தது. முதல் நாளுக்குப் புளியோதரை. ஜூவுக்குள் பெரும்பாலும் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், மேசைகளும் போட்டிருப்பார்கள். கடல்காகம் மட்டும் ஜாக்கிரதை. செஸ்டரில் என் அப்பளம் போயிற்று.

(புதிய சேர்க்கை: ஊரிலிருந்து வரும் உறவினர் ஓட்டலாமா என்று கேட்டவருக்கு: செல்லுபடியாகும் இந்திய, இலங்கை உரிமம் இருந்தால் 12 மாதம் வரை இங்கே சாதாரணக் கார் ஓட்டலாம். ஆனால் காப்பீட்டில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். 135 செ.மீ. உயரமோ 12 வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குக் கார் இருக்கை கட்டாயம். தென்மேற்கு ஜூக்களுக்குத் தனிப் பதிவு கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் சனிக்கிழமையில் எம்5-ல் மட்டும் இறங்காதீர்கள். மீதியை நாங்கள் போய்வந்து எழுதுகிறேன்.)