நெல்லைச் சீமையில் கிராவல் சைக்கிள்: கால்வாய்க் கரை, மலையடிவாரம், குளத்துக் கரை

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்கு வரும்போது கிராவல் சைக்கிளையும், அதாவது மண், சரள் தடங்களில் ஓட்டத் தடித்த டயர் போட்ட சைக்கிளையும், கொண்டு வரும் எண்ணமிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது டிக்கெட் தேதியை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தடம் ஓட்டத் தகுமா என்பது மூன்றைப் பொறுத்தது: கால்வாயில் தண்ணீர் போகிறதா, காற்று எங்கிருந்து அடிக்கிறது, மண் காய்ந்திருக்கிறதா. பிப்ரவரியில் சுகமாக ஓடிய அதே கரையில் நவம்பரில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க நேரும்.

பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், பிசான நெற்பயிர் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவோர் பாடு சற்றுத் திண்டாட்டம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பர் முடிய இழுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி, குளங்களும் கரைகளும் பல இடங்களில் உடைந்தன. அதற்கு முன் யாரோ பதிவு செய்து வைத்த ஜிபிஎஸ் தடத்தை நம்பி இறங்க வேண்டாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைத் தொல்லை குறைவு, காற்றுத்தான் தொல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். ஆகவே அந்த மாதங்களில் காலை ரயிலில் மேற்கே போய் இறங்கி, கிழக்கு நோக்கி ஓட்டி வாருங்கள். ஆறும் அப்படித்தான் இறங்குகிறது. சரிவும் காற்றும் சேர்ந்து தள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும்.

மண் விஷயம். ஆற்றுப் பாசனப் பகுதியின் கால்வாய்க் கரைகளும் மலையடிவாரமும் பெரும்பாலும் செம்மண், சரள். மழை விட்டு அரை நாள் வெயில் அடித்தால் ஓட்டலாம். வடக்கே கயத்தாறு தாண்டிக் கோவில்பட்டி பக்கம் போனால் கரிசல். காய்ந்திருந்தால் வழவழவென்று போகும். நனைந்தால் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரமே சுற்றாது; மழை மாதத்தில் அங்கே தலைகாட்டாதீர்கள். தென்கிழக்கே சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துச் செந்தேரி என்னும் செம்மணல் மேடு படத்தில் அழகாக இருக்கும். ஆனால் 45 மில்லிமீட்டர் டயர் அந்த மணலில் புதையும். இறங்கி நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

முதன்முதலில் ஓட்டுவதற்குக் கன்னடியன் கால்வாய்க் கரை நல்லது. அம்பாசமுத்திரத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஆற்றுப் பாலம் கடந்தால் கல்லிடைக்குறிச்சி. அங்கிருந்து வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை என்று ஆற்றுக்குத் தென்புறமாகக் கால்வாய் போகிறது. சாலைவழி இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும்; கரை வளைந்து வளைந்து போவதால் கூடுதலாகும். தார்ச்சாலையில் மணிக்கு 22 கிலோமீட்டர் போகிறவருக்குக் கரையில் 12 கிடைத்தாலே பெரிது. அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

கால்வாய்க்கு இரண்டு கரை உண்டு. பெரும்பாலும் ஒன்றில்தான் வண்டித்தடம் இருக்கும். மற்றதில் உடைமுள்ளும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கும். சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரட்டைக் கோடாகத் தெரிந்தால் டிராக்டர் போகிற கரை, ஒற்றைக் கோடு என்றால் ஆடு போகிற கரை. ஊருக்கு ஊர் கரை மாறும், பாலம் எங்கே என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அடைத்திருக்கும் கோடையில் தூர் வாருவார்கள். வாரிய வண்டலைக் கரையிலேயே கொட்டியிருந்தால், அது இறுகும்வரை அந்தத் துண்டை விட்டுவிட்டுச் சாலைக்கு ஏறுவதுதான் புத்தி.

வீரவநல்லூரிலிருந்து வடக்கே விலகினால் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம்; கோயில் கோபுரத்துக்குள்ளே பழைய சுவரோவியங்கள். பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியும் கூட, மணியடித்துக் கூச்சலிட வேண்டாம். பத்தமடையில் கோரைப்பாய் வாங்க ஆசைப்படுவோர் முதலிலேயே யோசிக்கவும்: சுருட்டிய பாயை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஓட்டுவது நடக்கிற காரியமில்லை.

மேடுபள்ளம் வேண்டுமென்றால் ஆழ்வார்குறிச்சியில் இறங்குங்கள். சிவசைலம், கடனாநதி அணை, பிறகு அடிவாரத்தை ஒட்டியே வடக்காகக் கடையம், ராமநதி அணை. ஏற்றம் பெரிதாக இல்லை, ஆனால் ஓடைக்கு ஓடை இறங்கி ஏற வேண்டியிருக்கும். ஓடைப் படுகையில் உருளைக்கல் கிடக்கும். இறங்குமுன் கியரைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் எதிர்க்கரையில் கால் ஊன்ற வேண்டிவரும். மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசம், மணிமுத்தாறு சோதனைச் சாவடிகளைத் தாண்டி உள்ளே சைக்கிளில் போகும் திட்டமே வேண்டாம்; மாஞ்சோலைக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அடிவாரத்தில் கரடி, சிறுத்தை, காட்டுப்பன்றி நடமாட்டம் உண்டு. வெயில் சாயுமுன் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

தெற்கே மூலைக்கரைப்பட்டி, கூந்தன்குளம், விஜயநாராயணம் பக்கம் குளத்துக் கரைகளாகவே ஒரு நாள் ஓட்டலாம். நிழல் கிடையாது. கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும். குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள்.

இனி சைக்கிள். டயர் 40 முதல் 45 மில்லிமீட்டர், கட்டாயம் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது). 70 கிலோ எடைக்கு 43 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 28, பின்னால் 31 பி.எஸ்.ஐ. போதும். வெளிநாட்டில் ஒரு சக்கரத்துக்கு 60 மில்லி சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்) ஊற்றுவீர்கள். இங்கே 90 ஊற்றுங்கள். கருவேல முள் ஒரே நாளில் பத்துத் துளை போடும், வெக்கையில் சீலன்டும் சீக்கிரம் உறையும். முள் ஏறியது தெரிந்தவுடன் பிடுங்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி முள்ளைக் கீழே கொண்டு வந்தபின் பிடுங்கினால் சீலன்ட் துளையைத் தேடி வந்து அடைக்கும். விமானத்தில் ஏற்றும்போது காற்றை முழுவதும் இறக்கிவிட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, கைப்பம்பால் மறுபடி உட்காராது. கொஞ்சம் காற்று விட்டு வையுங்கள்.

இங்கே எளிதில் கிடைக்காதவை: மெல்லிய பிரெஸ்டா வால்வ் வைத்த டியூப், டீரெயிலரை (பின்பக்கம் கியர் மாற்றும் பாகம்) மாட்டும் ஹேங்கர், 11 அல்லது 12 கியர் செயினுக்கான இணைப்புக் கொக்கி, ஹைட்ராலிக் பிரேக் பேட். ஹேங்கர் இரண்டு கொண்டு வாருங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் கிடக்கும் வைக்கோல் டீரெயிலரில் சுற்றி இழுத்தால் முதலில் வளைவது அதுதான். வைக்கோலைக் கண்டால் மிதிப்பதை நிறுத்தி உருட்டிக் கடக்கவும். டவுன் கடைகளில் 29 அங்குல மலைச் சைக்கிள் டியூப் கிடைக்கும். விட்டம் பொருந்தும், ஆனால் தடித்த வால்வ் உங்கள் ரிம் துளையில் நுழையாது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கச் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். சாதாரண டியூப்பில் துளை விழுந்தால் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் ஒட்டித் தருவார்கள், நன்றாகவே ஒட்டுவார்கள்.

ரயிலில் ஏற்றப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிய வேண்டும். அது திருநெல்வேலி ஜங்ஷனில்தான் எளிது. நாலு பேராக வந்தால் ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) பேசிக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

வழி கேட்கும்போது, “அண்ணாச்சி, இந்தக் கரையில வண்டி போகுமா?” என்று கேட்டால் “போகும்” என்றுதான் பதில் வரும், அவர் நினைப்பது பைக்கை. “டிராக்டர் போகுமா? கடைசி வரைக்கும் போகுமா, நடுவுல உடைப்பு இருக்கா?” என்று கேளுங்கள். பதிலில் இடது வலது அதிகம் வராது, “தெக்கே போய் கிழக்கே திரும்பு” என்பார்கள். திசை தெரிந்து வைத்திருங்கள்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வெளிநாட்டிலேயே முன்கூட்டிப் போட்டுக்கொண்டு வருவது இன்னும் நல்லது. ஆற்றில் குளிக்கத் தோன்றும். அணைக்கட்டுகளுக்குக் கீழேயும் மணல் அள்ளிய இடங்களிலும் ஆழம் வெளியே தெரியாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். இறுக்கமான சைக்கிள் கால்சட்டைக்கு மேல் தளர்வான அரைக்கால் சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் டீக்கடையிலும் கூச்சமில்லை. கோயிலுக்கு ஒரு வேட்டி.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புவோர் கிளம்புவதற்கு முந்தைய நாளே டயர், செயின், ஷூவின் அடி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். மண் ஒட்டிய சைக்கிளை அங்கே சோதனையில் நிறுத்திவிடுவார்கள். வருகைப் படிவத்திலும் மறைக்காமல் எழுதுங்கள்.