பேயைத் தேடும் கண், தரையைப் பார்க்காத கால்: பாழடைந்த பண்ணை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘கொலை நடந்த வீடு’ என்று பெயர் வாங்கிய பழைய பண்ணை வீட்டுக்குள் முதல் தடவை நுழைகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் அண்ணாந்தபடியே நடப்பார்கள். டார்ச் வெளிச்சம் பரணையும் உத்தரத்தையும் துழாவிக்கொண்டிருக்கும், கால் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் போனேன். மாடியில் ஏதோ படபடத்ததே என்று நிமிர்ந்த நொடியில் இடது கால் முழங்கால்வரை பலகைக்குள் இறங்கிவிட்டது. படபடத்தது ஒரு புறா.

இந்த மாதிரி வீடுகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இதே ரகம்தான். வீட்டின் கதை நம் கண்ணை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்கும், ஆபத்து இன்னொரு பக்கம் காத்திருக்கும்.

உள்ளே போவதற்கு முன்னால்

கதவில் பூட்டு இல்லை என்பதற்காக வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று ஆகிவிடாது. வாரிசுகள் வழக்காடிக்கொண்டிருக்கலாம், வங்கி கையகப்படுத்தி இருக்கலாம். அனுமதி கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பக்கம் கூரை விழுந்திருக்கிறது, கிணறு எங்கே இருக்கிறது என்று உரிமையாளரே சொல்லிவிடுவார்.

யாராவது உள்ளே தங்கியிருக்கிறார்களா என்று பார்க்காமல் நுழைவது இன்னொரு தவறு. புதிய சாம்பல், ஈரம் காயாத துணி, தூசியில் உள்ளே போன செருப்புத் தடம். இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் பேசாமல் திரும்பிவிடுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, கூட ஓர் ஆளை அழைத்துப்போவது, போன் வெளிச்சத்தை மட்டும் நம்பாமல் இரண்டு டார்ச் வைத்திருப்பது எல்லாம் தெரிந்த சங்கதிகள்தான். ராத்திரி போனால்தான் ‘அனுபவம்’ என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: உளுத்த பலகை பகலிலேயே சரியாகத் தெரியாது.

முற்றத்தில் இருக்கும் கிணறு

வீட்டைப் பார்த்தபடி புல்லுக்குள் விறுவிறுவென்று நடந்து போகிறார்களே, எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முந்தைய பண்ணை என்றால் அங்கே ஒரு கிணறாவது இருந்திருக்கும். கைவிட்ட பிறகு யாரோ அதன் வாயில் நாலு பலகையைப் போட்டு மூடியிருப்பார்கள். பலகை மக்கிப்போகும், மேலே கொடி படரும், கடைசியில் புல்தரை மாதிரியே தெரியும். பழைய மலக்குழியும் அப்படித்தான். வாய் அகலமாக இருந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. 1987 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மிட்லண்டில் 18 மாதக் குழந்தை ஒன்று விழுந்த கைவிடப்பட்ட கிணற்றின் வாய் 8 அங்குலம்தான். 22 அடி ஆழத்தில் சிக்கியிருந்த அந்தக் குழந்தையை உயிரோடு வெளியே எடுக்கக் கிட்டத்தட்ட 58 மணி நேரம் ஆனது. ஆகவே கையில் ஒரு நீளமான கம்பு இருக்கட்டும், கால் வைக்கும் இடத்தை முதலில் அது தட்டட்டும்.

குழி, நிலவறை, தானியக் களஞ்சியம் போன்ற மூடிய இடங்களுக்குள் எட்டிப்பார்க்க இறங்குவது உயிரோடு விளையாடுவது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே பாதுகாப்பு விதிகள் அதை ஆபத்து என்கின்றன. மக்கும் பொருள்கள் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் விட்டுவைக்கும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று படித்திருப்போம். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ‘வாடை போய்விட்டது, இறங்கலாம்’ என்று தோன்றும் அந்த நேரம்தான் மிக மோசமான நேரம். கூட வந்தவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். மூடிய இடங்களில் நடந்த மரணங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-இல் எச்சரித்தது. வெளியே நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தரை, படி, கூரை

‘சுவரை ஒட்டி நட, பலகை உடையாது’ என்று ஒரு பொது அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிதான் சரி. நடுவில் நின்றால் தரை அதிகம் வளையும், ஓரத்தில் நின்றால் குறைவாக வளையும் என்பது உண்மை. ஆனால் மரம் எங்கே மக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காளானுக்கு ஈரம் வேண்டும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை அழுகல் அண்டாது. கூரை ஒழுகி, தண்ணீர் சுவர் வழியாக இறங்கும் வீட்டில் முதலில் ஊறுவது விட்டத்தின் நுனி, அதாவது சுவருக்குள் செருகியிருக்கும் பகுதி. அப்படிப்பட்ட சுவரை ஒட்டி நடப்பது உளுத்த நுனியின் மேல் நடப்பதற்குச் சமம்.

நான் இப்போதெல்லாம் மாடி ஏறுவதற்கு முன் கீழே நின்று மேல்தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுவேன். ஈரக்கறை, தொய்வு, பெயர்ந்த பூச்சு, காளான் தட்டு ஏதாவது தென்பட்டால் அந்த அறைக்கு மேலே போவதில்லை. போனால், பலகையில் ஆணித்தலை வரிசையைத் தேடுவேன். ஆணி அடித்திருக்கும் இடத்துக்குக் கீழேதான் விட்டம் ஓடும். கம்பளம் விரித்த தரையை மட்டும் நம்பவே மாட்டேன். ஓட்டை எங்கே என்று கம்பளம் காட்டாது. கரையான் கதை இன்னும் தந்திரமானது: மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே காகிதக் கனம்தான் மிச்சம். தட்டிப் பார்த்தால் பொத்பொத்தென்று சத்தம் வரும். படியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும். குழுவாக நின்று செல்ஃபி எடுக்க உகந்த இடம் அது இல்லவே இல்லை.

துடைப்பத்தை எடுப்பது

சுத்தமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு இது. படம் எடுக்க வசதியாகத் தரையைப் பெருக்குவார்கள், மெத்தையைத் தட்டுவார்கள். அங்கே எலிப்புழுக்கை இருந்தால் காய்ந்த தூசியோடு கிருமியும் மூச்சில் ஏறும். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் திடீரென்று இளைஞர்கள் மூச்சுத்திணறிச் செத்தபோதுதான் அங்கே எலி பரப்பும் ஹன்டா வைரஸ் ஒன்று இருப்பதே தெரிந்தது. அந்த நுரையீரல் நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2012-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா போன 10 பேருக்கு ஹன்டா வந்து 3 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கியிருந்தது பாழடைந்த வீட்டில்கூட இல்லை, எலி கூடு கட்டிய கூடார அறைகளில். அறிகுறி தெரிய எட்டு வாரம்வரை ஆகலாம் என்பதால், போய்வந்த பிறகு காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் எங்கே போனீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் காற்றாட விடுவது, என்95 முகக்கவசம் போடுவது, எச்சத்தைக் கிளறாமல் இருப்பது, இந்த மூன்றும் போதும். வௌவால் அடையும் பரணில் ஹிஸ்டோப்ளாஸ்மா என்ற பூஞ்சையும் இருக்கலாம். அப்புறம், வௌவாலைக் கையால் தொடாதீர்கள். அதன் பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், ரேபிஸ் வந்த பிறகு மருந்து கிடையாது. துரு ஏறிய ஆணி குத்தினால் டெட்டனஸ் வருவது துருவினால் அல்ல, மண்ணில் வாழும் பாக்டீரியாவினால். அழுக்கான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

கொட்டகையில் இருக்கும் டப்பாக்கள்

பேர் தெரியாத பாட்டிலை முகர்ந்து பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பழைய பூச்சிமருந்துகளில் ஆர்செனிக், பாரத்தியான் போன்ற கொடிய நஞ்சுகள் இருந்தன. இதையும் விட மோசமான பொருள் டைனமைட். அடிக்கட்டையைப் பெயர்க்கவும் பாறையைப் பிளக்கவும் அதை ஒரு காலத்தில் விவசாயிகளே வாங்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் 1910-களில் அதை உழவர்களிடம் விளம்பரம் செய்தே விற்றது. பழசான குச்சியிலிருந்து அதன் வெடிபொருளான நைட்ரோகிளிசரின் கசிந்து மேலே படியும், லேசான அசைவிலேயே வெடிக்கக்கூடும். மெழுகுக் காகிதம் சுற்றிய, எண்ணெய்ப் பிசுக்கோ படிகங்களோ படிந்த குச்சிகளைப் பார்த்தால் தொடாமல் வெளியே வந்து காவல்துறையிடம் சொல்லுங்கள்.

குளிருக்கு அடுப்பு மூட்டுவது

ராத்திரி தங்குகிறவர்கள் அறைக்குள்ளேயே கரி மூட்டுவதும் ஜெனரேட்டர் வைப்பதும் உண்டு. அதிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்த அவர்களுக்கு ஆளில்லாத காலடி ஓசை கேட்டது, யாரோ அருகில் நிற்பதுபோலத் தோன்றியது, தலைவலி விடவே இல்லை. காரணம், வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. ஆகவே அறையில் ‘யாரோ இருக்கிறார்கள்’ என்ற உணர்வும் தலைவலியும் சேர்ந்து வந்தால் கேமராவைத் தேடாதீர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடுங்கள்.

கதையைக் கையாளும் விதம்

சுவரில் பழுப்புக் கறை தெரிந்ததும் ரத்தம் என்று முடிவுகட்டி, ரத்தம் பட்டால் ஒளிரும் லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். லூமினால் பிளீச்சிங் திரவத்துக்கும் ஒளிரும், செம்புக்கும் ஒளிரும், பழைய வீட்டில் ஒளிர்வதற்கா பஞ்சம்? கறை இருந்துவிட்டுப் போகட்டும், அதைவிடப் பெரிய சேதம் பெயரால் வருகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஹாரிஸ்வில் என்ற ஊரில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. 1885-இல் இறந்த பாத்ஷீபா ஷெர்மன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி அந்த வீட்டோடு முடிச்சுப்போட்டார்கள். அதற்கு வரலாற்றுச் சான்று எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் கல்லறைக் கல்லைத் திரும்பத் திரும்ப உடைத்தார்கள். 2013-இல் அந்த வீட்டை வைத்து ஒரு பேய்ப்படம் வந்த பிறகு, அத்துமீறி நுழைகிறவர்களால் நிம்மதி போய் அப்போதைய உரிமையாளர்கள் 2015-இல் நீதிமன்றத்துக்கே போனார்கள். வீட்டின் இடத்தைக் குறிப்பிட்டு வீடியோ போடும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பொருள்களை இடம் மாற்றுவதும், நினைவுக்கு என்று எடுத்துக்கொள்வதும் ஏன் தவறு என்பதற்கு ஜெர்மனியின் பவேரியாவில் இருந்த ஹின்டர்கைஃபெக் பண்ணையை விடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியாது. 1922 மார்ச் 31 இரவில் அங்கே ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்பே, காட்டிலிருந்து வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாத காலடித் தடங்களைப் பனியில் பார்த்ததாக வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார். பரணில் சத்தமும் கேட்டிருந்தது. முந்தைய வேலைக்காரப் பெண் ‘இங்கே பேய் இருக்கிறது’ என்று விலகிப் போயிருந்தார் என்பார்கள். ஏப்ரல் 4-இல் உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நடுவில் இருந்த நாட்களில் யாரோ மாடுகளுக்குத் தீவனம் வைத்திருக்கிறார்கள், புகைபோக்கியில் புகை வந்திருக்கிறது. போலீஸ் வருவதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உடல்களை நகர்த்தி, தடயங்களை மிதித்துவிட்டார்கள். மறுவருடம் வீட்டை இடித்தபோதுதான் கொலை ஆயுதமான மண்வெட்டி பரணில் கிடைத்தது. 2007-இல் ஃபுர்ஸ்டென்ஃபெல்ட்ப்ரூக் காவல் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் அந்த வழக்கை மறுபடி ஆராய்ந்தார்கள். இனி நிரூபிக்க முடியாது என்று எழுதினாலும், யார் மேல் சந்தேகம் என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இருந்தது. உறவினர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயரை அவர்கள் வெளியிடவில்லை.