‘எல்லா சேனலும் ஃப்ரீ’ ஆண்ட்ராய்டு பெட்டி: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழக–கேரள எல்லையில் உள்ள வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு மொழியும் ஓடும். மாமியாருக்குத் தமிழ் சீரியல் வேண்டும், பேத்திக்கு மலையாள ரியாலிட்டி ஷோ வேண்டும். கேபிளில் ஒன்று இருந்தால் இன்னொன்றுக்குத் தனி பேக் போடச் சொல்வார்கள். இந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டுதான் ‘தமிழ், மலையாளம் எல்லாம் ஒரே பெட்டியில், மாசக் காசு கிடையாது’ என்று, டிவியில் மாட்டி இணையம் வழியாகச் சேனல் காட்டும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. வளைகுடாவிலிருந்து வரும் உறவினரின் பயணப் பையிலும் ஒன்று இருக்கும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் காரியம் முடிந்தது என்று டிவிக்குப் பின்னால் மாட்டிவிடுகிறோம். தவறுகள் அங்கே தொடங்குகின்றன.

‘படம் பார்க்கத்தானே, இதில் என்ன திருடப் போகிறார்கள்?’

அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெட்டிக்குள் இருப்பதைத் திருடுவதைவிட, உங்கள் வீட்டு இணைப்பை வாடகைக்கு விடுவதில்தான் இதன் பின்னால் இருக்கும் கும்பலுக்குக் காசு. பெட்டியில் ஒளிந்திருக்கும் நிரல் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண்) வழியாக வேறு யாரையோ இணையத்தில் உலாவ விடும். அவர் போலிக் கணக்கு தொடங்கலாம், திருடிய கடவுச்சொற்களை வங்கித் தளத்தில் போட்டுப் பார்க்கலாம், ஒரு இணையதளத்தை முடக்கும் தாக்குதலில் சேரலாம். எதைச் செய்தாலும் பதிவில் நிற்பது உங்கள் இணைப்பு. இதோடு, திரை அணைந்திருக்கும்போதும் பெட்டி பின்னணியில் விளம்பரங்களைத் திறந்து ‘கிளிக்’ செய்துகொண்டிருக்கும்.

இது வெறும் சந்தேகம் அல்ல. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக், தான் வாங்கிய டி95 என்ற பெட்டியில் ஆலையிலிருந்து வரும்போதே தீநிரல், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், பதிந்திருப்பதை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இந்தக் கும்பலுக்கு ‘பேட்பாக்ஸ்’ என்று பெயரிட்டு விரிவான அறிக்கை தந்தது. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம், ‘வோய்ட்’ என்ற வேறொரு தீநிரல் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகளில் இருப்பதாகச் சொன்னது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் சுமார் 30,000 கருவிகளின் தொடர்பை வெட்டிவிட்டது. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பேட்பாக்ஸ் வலையில் இருப்பதாகச் சொல்லி கூகுள் வழக்குத் தொடுத்தது.

மாடல் எண்ணை நம்பி வாங்குவது

டி95, எக்ஸ்96, எம்எக்ஸ்க்யூ என்பவை ஒரு கம்பெனியின் பெயர்கள் அல்ல. யார் வேண்டுமானாலும் ஆல்வின்னர், ராக்சிப் சிப் போட்ட பலகையை வாங்கி இந்தப் பெயரை அச்சடிக்கலாம். ஒருவரிடம் வாங்கியது சுத்தமாகவும் அடுத்தவரிடம் வாங்கிய அதே பெயர்ப் பெட்டி தீநிரலோடும் வரலாம். ‘பக்கத்து வீட்டில் இரண்டு வருஷமாக நன்றாக ஓடுகிறது’ என்பது சான்றாகாது. படம் நன்றாக ஓடுவதற்கும் பின்னணியில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அட்டையில் உள்ள எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 8 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 13 என்று போட்டிருக்கும். உள்ளே 1 அல்லது 2 ஜிபியும் பழைய ஆண்ட்ராய்டு 7 அல்லது 10-உம் இருக்கும். செட்டிங்ஸில் தெரியும் எண்ணையே மாற்றி எழுதி வைத்திருப்பதும் உண்டு.

கடையில் நிற்கும்போதே பார்க்க வேண்டியவை: பெட்டியின் அடியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா? அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளின் வகையும் வரும். பல பெட்டிகளில் எண்ணே இருக்காது. சிலவற்றில் சார்ஜருக்கு வாங்கிய எண்ணைப் பெட்டிக்கும் ஒட்டியிருப்பார்கள், அதனால் வகையையும் சேர்த்துப் பாருங்கள். இந்த எண் மின்பாதுகாப்புக்கானது. மென்பொருள் சுத்தம் என்று அது சொல்லாது. ஆனால் அதுகூட இல்லாத பெட்டியை வீட்டு வைஃபையில் சேர்க்கக் காரணமே இல்லை.

அடுத்தது ப்ளே ஸ்டோர். அசல் ஆண்ட்ராய்டு டிவியிலும் கூகுள் டிவியிலும் ரிமோட்டில் நகர்த்த ஏற்ற டிவி வடிவ ப்ளே ஸ்டோர் இருக்கும். பெயர் தெரியாத பெட்டியில் ஃபோன் வடிவம் இருக்கும், சுட்டி அம்பு வைத்து நகர்த்த வேண்டும். அதில் ப்ரொஃபைல் படம், செட்டிங்ஸ், அபவுட் என்று போனால் கூகுளின் பாதுகாப்பு வசதியான ‘ப்ளே ப்ரொடெக்ட்’ சான்று இருக்கிறதா இல்லையா என்று காட்டும். ‘சான்று இல்லை’ என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘சான்று உண்டு’ என்று வந்தாலும், வேறு கருவிபோல் வேடமிட்டு அப்படிக் காட்டவைக்க முடியும். அதனால் அந்த பிராண்டு ஆண்ட்ராய்டு டிவி தளத்தின் பங்குதாரர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆப் ஓட வேண்டுமானால் ப்ளே ப்ரொடெக்டை ஆஃப் செய்யுங்கள் என்று கடைக்காரரோ குறிப்புத்தாளோ சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. எஃப்பிஐ எச்சரிக்கையிலும் இது ஓர் அடையாளமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

வீட்டின் முக்கிய ஜிமெயிலைப் பெட்டியில் போடுவது

யூடியூப் வர வேண்டும் என்று அப்பாவின் ஃபோனில் உள்ள ஜிமெயிலையே போட்டுவிடுவார்கள். அதே கணக்கில்தான் குடும்பப் புகைப்படம், தொடர்பு எண்கள், வங்கி மின்னஞ்சல், ஆதார் ஸ்கேன் எல்லாம் இருக்கும். நல்ல பிராண்டு கருவியானாலும் டிவிக்கென்று தனி ஜிமெயில் ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். அதில் கார்டு விவரம் சேர்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ஏபிகே கோப்புகளை (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் நிறுவும் கோப்புகளை) ஏற்றுவதும் இதே வகைத் தவறு. சேனல் காட்டும் ஆப், தொடர்புகளையும், திரையில் உள்ளதைப் படித்து இயக்கவிடும் அக்சஸிபிலிட்டி அனுமதியையும் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

5555 என்ற கதவு

ஆண்ட்ராய்டில் பழுது பார்ப்பவர்களுக்காக ஏடிபி என்ற வழி ஒன்று உண்டு. வைஃபை வலை வழியாக இயங்கும்போது அது 5555 என்ற போர்ட்டில், அதாவது கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட கதவில், காத்திருக்கும். ஒழுங்கான கருவியில் இது மூடியே இருக்கும். திறந்தாலும் திரையில் அனுமதி கேட்கும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் திறந்தே வரும், கேட்காமலேயே உள்ளே விடும். அப்போது பெட்டி ஆலையிலிருந்து சுத்தமாக வந்திருந்தாலும் வலையில் உள்ள வேறு எதுவும் அதற்குள் நிரலை ஏற்றிவிடலாம்.

சோதிப்பது எளிது. ஃபோனில் ஒரு போர்ட் ஸ்கேனர் செயலியைப் போட்டு, அதே வைஃபையில் இருந்தபடி பெட்டியின் ஐபி முகவரியில் 5555 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் அபவுட் பக்கத்தில் பில்டு எண்ணில் ‘டெஸ்ட்-கீஸ்’ என்று இருந்தால், பொதுவில் எல்லாருக்கும் கிடைக்கும் சாவியால் கையொப்பமிட்ட மென்பொருள் அது. பாதுகாப்புத் திருத்தத் தேதி 2019, 2020 என்று நின்றுபோயிருப்பதையும் அங்கேயே காணலாம்.

ரீசெட் அடித்தால் போய்விடும் என்று நினைப்பது

போகாது. ஃபேக்டரி ரீசெட் நீங்கள் சேர்த்த ஆப்களையும் தரவையும் மட்டுமே அழிக்கும். தீநிரல் இருப்பது சிஸ்டம் பகுதியில். ரீசெட் முடிந்து பெட்டி எழும்போது அதுவும் கூடவே எழும். வைரஸ் ஸ்கேன் ஆப் அந்தப் பகுதியில் கை வைக்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் ஃபர்ம்வேரை (பெட்டியின் அடிப்படை மென்பொருளை) போடுவதும் சூதாட்டம்தான்: அதே தீநிரல் அதிலும் இருக்கலாம், சிப்போ வைஃபை பாகமோ மாறியிருந்தால் பெட்டியே செத்துப்போகும். இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் இலவச விபிஎன் போட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. சில இலவச விபிஎன்கள் உங்கள் இணைப்பை விற்றே பிழைக்கின்றன.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பெட்டியின் மின்சாரத்தை எடுங்கள், லேன் வயர் இருந்தால் அதையும். பிறகு ஃபோனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து பெட்டியை வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றி இரண்டு படி சரிபார்ப்பை இயக்குங்கள். ஓடிடி கணக்குகளிலும் ‘எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறு’ கொடுங்கள். அதன் பின் வைஃபை கடவுச்சொல், ஏனென்றால் பெட்டிக்கு அது தெரியும்.

கடைசியாக பைபர் மோடம். உலாவியில் 192.168.1.1 என்று போட்டால் அதன் செட்டிங்ஸ் பக்கம் பெரும்பாலும் திறக்கும், கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன அட்மின் கடவுச்சொல்லை அவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கருவிகள் தாமாகவே மோடத்தில் போர்ட் திறக்கவிடும் யுபிஎன்பி-யை அணையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் நீங்கள் போடாத வரி இருந்தால் அதை அழித்துவிடுங்கள். இணையதளப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முகவரி மாறியிருக்கிறதா என்று கேபிள்காரரிடமே உறுதிசெய்துகொள்ளலாம். டிவியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ வழியாகப் படமும் ஒலியும்தான் போயிருக்கும்.

பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றால், வைஃபையே இல்லாமல் பென்டிரைவில் உள்ள படம் பார்க்கப் பயன்படுத்தலாம். சந்தையில் விற்கவோ உறவினருக்குக் கொடுக்கவோ வேண்டாம். கெஸ்ட் வைஃபையில் (மற்றக் கருவிகளிலிருந்து பிரித்த விருந்தினர் இணைப்பில்) விட்டால் ஃபோனும் சிசிடிவி கேமராவும் தப்பிக்கும், ஆனால் வெளியே போகும் போக்குவரத்து உங்கள் பெயரில்தான் போகும். ஆகவே அது பிராண்டு கருவிகளுக்கு மட்டும் ஏற்ற ஏற்பாடு.

பெயர் தெரியாத புரொஜெக்டர், டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம், காரில் மாட்டும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஆகியவற்றிலும் பேட்பாக்ஸ் வந்திருக்கிறது. அவற்றுக்கும் இதே சோதனைகள்.

நல்ல கருவியிலும் ஒரு வேலை பாக்கி

ஃபயர் டிவி ஸ்டிக், ஷாவ்மி டிவி ஸ்டிக் போன்றவற்றில் இந்தத் தீநிரல் பயம் குறைவு. ஆனால் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை அவையும் ஸ்மார்ட் டிவிகளும் கணக்கெடுக்கும். ஏசிஆர் என்ற வசதி திரையில் ஓடும் காட்சியின் தடயத்தை எடுத்து அனுப்பும். பல டிவிகளில் செட்டாப் பாக்ஸ் வழியாக வருவதையும் அடையாளம் காணும். அனுமதி கேட்காமல் இதைச் செய்ததற்காக 2017-இல் அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் ப்ளஸ்’ என்பவற்றை அணையுங்கள். ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், ப்ரிஃபரன்சஸ், ப்ரைவசி என்று போனால் மூன்று சுவிட்ச் இருக்கும். மூன்றையும் ஆஃப் செய்யலாம். அப்டேட்டுக்குப் பிறகு புதிய ஒப்புதல் திரை வந்தால் ‘எல்லாம் சம்மதம்’ பட்டனை அழுத்தாமல், பயன்பாட்டு விதிகளை மட்டும் தேர்ந்து, விளம்பரம், குரல், பார்க்கும் விவரம் ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிட்டு மேலே போங்கள்.