நேரடித் தரவுத்தளத்தில் கை வைக்கும் முன்

என்னைப் போல மலையகத்தில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதப் பழகிய பலருக்கு, தரவுத்தளம் என்றதும் கண்முன் வருவது பிஎச்பிமைஅட்மின் திரைதான். 1998இல் வெளிவந்த அக்கருவியில் அட்டவணையைத் திறந்து, கட்டத்தைச் சொடுக்கி, எண்ணை மாற்றினால் வேலை முடிந்துவிடும். சொந்தக் கணினியில் அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் தரவுத்தளத்தில் அதே பழக்கத்தைத் தொடரக்கூடாது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறையைப் பதியும் செயலியில், ஒரு தொழிலாளியின் 16 கிலோ 6 கிலோவாகப் பதிவாகியிருந்தது. அதைத் திருத்த எழுதிய அப்டேட் (UPDATE) என்ற மாற்றும் கட்டளையில், எந்த வரிசையை மாற்றவேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியை விட்டுவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் அட்டவணையிலிருந்த அத்தனை பேருக்கும் 16 கிலோ என்றாகிவிட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போடப்படும் தோட்டத்தில், அந்த ஒரு நிரலை (அட்டவணையின் நெடுவரிசையை) நம்பித்தான் பல வீடுகளில் மாதச் சம்பளம் கணக்கிடப்படுகிறது. கணக்கப்பிள்ளை தமது கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, இரண்டு மாலைகள் உட்கார்ந்து அனைத்தையும் மீளப் பதிந்தோம். அந்தக் கொப்பி இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை.

அதன்பின் நான் மாற்றிக்கொண்ட முதற் பழக்கம், பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் தனித்தனிப் பயனர் கணக்குகளை வைத்திருப்பது. டிபீவர் போன்ற வரைகலைக் கருவியில் அன்றாடம் நுழையும் கணக்குக்கு செலக்ட் (SELECT) என்ற வாசிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். தேடவும் அறிக்கை எடுக்கவும் அதுவே போதும். கை தவறினாலும் எதுவும் அழியாது.

மாற்றியே ஆகவேண்டிய நேரத்தில், எழுதும் உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, முதலில் பிகின் (BEGIN) கட்டளையை இடுங்கள்; அதன்பின் செய்யும் மாற்றங்கள் நீங்கள் உறுதிசெய்யும்வரை நிலைக்காது. பிறகு, எழுதப்போகும் அதே வேர் நிபந்தனையுடன் செலக்ட் செய்து, எத்தனை வரிசைகள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒரு வரிசை வரவேண்டிய இடத்தில் ஒன்றே வந்தால் மட்டும் அப்டேட்டை இயக்குங்கள். மாறியதாகக் கருவி சொல்லும் எண்ணிக்கையும் ஒன்று என்றால் அதை நிலைக்கச் செய்யும் கமிட், வேறெதுவானாலும் அதை மீளப்பெறும் ரோல்பேக். நான் அன்று இப்படிச் செய்திருந்தால், நூற்றுக்கணக்கில் ஓர் எண்ணைக் கண்டதும் ஒரே சொல்லில் பின்வாங்கியிருப்பேன். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் கட்டளைவரியில் சேஃப் அப்டேட்ஸ் என்ற தெரிவை இயக்கிவிட்டால், வரிசையை அடையாளம் காட்டும் திறவுகோல் (key) நிரலைக் குறிக்கும் நிபந்தனையோ வரிசை வரம்போ இல்லாத அப்டேட்டை அது ஏற்கவே மறுக்கும். பிகின் இட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். நீங்கள் மாற்றிய வரிசையை மாற்ற வரும் மற்றவர் அதுவரை காத்து நிற்பார். தென்மேற்குப் பருவமழையில் இணைப்பு அறுந்துபோனாலும் அஞ்ச வேண்டாம். கமிட் ஆகாத மாற்றத்தைத் தரவுத்தளமே மீளப் பெற்றுக்கொள்ளும்.

அட்டவணையின் அமைப்பை மாற்றுவது வேறு கதை. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையையும் ரோல்பேக் செய்யலாம்; மைஎஸ்கியூஎல்லில் அது இட்ட உடனேயே நிலைத்துவிடும். ஆகவே புதிய நிரல் சேர்ப்பதைத் திரையில் சொடுக்கிச் செய்யாமல், அமைப்பு மாற்றங்களைக் கட்டளைகளாகப் பதியும் மைக்ரேஷன் கோப்பாக எழுதி, செயலியின் நிரற்குறிமுறையுடன், கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் சேருங்கள். இணையச் செயலிகளை எழுத உதவும் லாராவெல், ஜாங்கோ ஆகிய சட்டகங்களில் மைக்ரேஷன் வசதி உள்ளேயே இருக்கிறது. யார், எப்போது, எதற்காக அந்த நிரலைச் சேர்த்தார் என்பதை அடுத்து வருபவர் கேட்டறிய வேண்டியதில்லை, கோப்பும் கிட் வரலாறும் சொல்லிவிடும். வரைகலைக் கருவிகளை நான் கைவிடவில்லை. அட்டவணைகளுக்கிடையிலான உறவைப் படமாகப் பார்க்க அவற்றைவிட வசதியானது வேறில்லை.

கடைசியாகக் காப்புப்பிரதி. மைஎஸ்கியூஎல்லின் பிரதியெடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப்பை சிங்கிள் டிரான்சாக்ஷன் தெரிவுடன் இயக்கினால், இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு வகை) அட்டவணைகளைப் பூட்டி வைக்காமலே ஒரே நேரத்து நிலையைப் பிரதியெடுக்கலாம். எடுத்த கோப்பை மாதம் ஒருமுறையாவது வேறொரு பெயரிலான தரவுத்தளத்தில் மீட்டுப் பாருங்கள். வரிசைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், தொழிலாளர்களின் பெயர்களையும் வாசியுங்கள். எங்கேனும் எழுத்துக் குறிமுறை, தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன் 1 என்று இருந்திருந்தால், தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். அப்படி மாறிய எழுத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. மைஎஸ்கியூஎல் 8.0இல் இயல்பான குறிமுறை, தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4). அதற்கு முந்திய பதிப்பில் ஓடும் பழைய செயலி உங்களிடம் இருந்தால், இன்றே அதன் அட்டவணைகளையும் இணைப்பு அமைப்பையும் திறந்து குறிமுறையைப் பாருங்கள்.