ராணுவ வீரரின் குடும்பம் சம்பளத்துக்குள் வாழ: பே ஸ்லிப்பிலிருந்து பட்ஜெட் வரை

ஜவான் வீடுகளில் பணம் இடறுவது பெரும்பாலும் சம்பளம் போதாததால் அல்ல. ஃபீல்டில், அதாவது எல்லை போன்ற களப் பகுதியில், இருந்தபோது வந்த கூடுதல் தொகையை வைத்து வீட்டுச் செலவை உயர்த்திவிடுகிறோம். பீஸ் ஸ்டேஷனுக்கு (அமைதிப் பகுதி முகாமுக்கு) மாறியதும் அந்தத் தொகை நின்றுபோகிறது, செலவு மட்டும் நிற்பதில்லை. கீழே உள்ள முறை இந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காகவே. ஒரு நோட்டும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் போதும்.

படி 1: பே ஸ்லிப்பை இரண்டாகப் பிரியுங்கள்

ராணுவ வீரர்களுக்கான ஹம்ராஸ் ஆப்பிலிருந்து பே ஸ்லிப்பை இறக்கிக்கொண்டு, நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். எங்கே போஸ்டிங் ஆனாலும் வருவது இடப்பக்கம்: அடிப்படைச் சம்பளம், எம்.எஸ்.பி. (ராணுவப் பணிக்கான தனி ஊதியம்), அகவிலைப்படி. ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் போன்ற நிலையினர்) ஜவான்களுக்கும் 7ஆவது ஊதியக் குழுப்படி எம்.எஸ்.பி. 5,200 ரூபாய். அகவிலைப்படி இதற்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது.

இடத்தைப் பொறுத்து வருவதெல்லாம் வலப்பக்கம்: ஃபீல்ட் ஏரியா அலவன்ஸ், உயரமான மலைப்பகுதிக்கான அலவன்ஸ், சியாச்சின் அலவன்ஸ், வீட்டு வாடகைப்படி. வாடகைப்படியை ஏன் இங்கே வைக்க வேண்டும் என்றால், குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளிலிருந்து அது நின்றுவிடும்.

ஒரு சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 24,500 என்று கொள்வோம். எம்.எஸ்.பி. சேர்த்தால் 29,700. கணக்கு எளிதாக இருக்க அகவிலைப்படியை 50 சதவீதம் என்று வைத்தால் அது 14,850. ஆக இடப்பக்கம் 44,550. ஏ.எஃப்.பி.பி. ஃபண்ட் (படைவீரர்களுக்கான வைப்பு நிதி), ராணுவக் குழுக் காப்பீடு, இதர பிடித்தம் எல்லாம் சேர்ந்து 11,550 போனால் கையில் 33,000. வீட்டின் பட்ஜெட் இந்த 33,000 மட்டுமே. வலப்பக்கம் பத்தாயிரம் வந்தாலும் இருபதாயிரம் வந்தாலும் இந்த எண் மாறக்கூடாது.

படி 2: இரண்டு கணக்கு

சம்பளக் கணக்கு ஒன்று, அதே வங்கியில் கணவன் மனைவி பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்று. சம்பளம் ஏறிய மறுநாளே 33,000இல் ஜவானின் கைச்செலவுக்கு 4,000 விட்டுவிட்டு, 29,000 தானாகக் கூட்டுக் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். யூனிட்டில் சாப்பாடும் தங்கலும் அரசுச் செலவு என்பதால், சோப்பு, போன் ரீசார்ஜ், சில்லறைச் செலவுக்கு இது பெரும்பாலும் போதும். மாதாமாதம் கேட்டு வாங்கும் வீட்டில் ஜவான் சிக்னல் கிடைக்காத போஸ்ட்டுக்குப் போனால் கேஸ் சிலிண்டருக்கே கடன் வாங்க வேண்டிவரும். அவர் போன் எடுக்காவிட்டாலும் வீடு நடக்க வேண்டும்.

வலப்பக்கப் பணம் சம்பளக் கணக்கிலேயே கிடக்கட்டும். அதன் முதல் வேலை, வீட்டின் ஆறு மாதச் செலவுக்குச் சமமான கையிருப்பு சேர்ப்பது. 29,000 செலவாகும் வீட்டுக்கு 1,74,000. அது சேர்ந்த பிறகு பழைய கடனை அடைக்கலாம், ஏ.எஃப்.பி.பி. சந்தாவைக் கூட்டலாம். அதற்கு முன் நகை, பைக் என்று போக வேண்டாம்.

படி 3: பார்ட் டூ ஆர்டரைக் கவனியுங்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இது. திருமணம், குழந்தை பிறப்பு, விடுப்பு, யூனிட் மாற்றம் எதுவானாலும் பார்ட் டூ ஆர்டராக (வீரரின் பணி, குடும்ப விவரங்களில் வரும் மாற்றத்தைப் பதியும் யூனிட் உத்தரவாக) வெளியாகி, பே அக்கவுண்ட்ஸ் ஆபீஸுக்குப் போன பிறகுதான் சம்பளக் கணக்கில் ஏறும். இடையில் தாமதம் நடக்கும். ஃபீல்டை விட்டு வந்த பிறகும் சில மாதம் ஃபீல்ட் அலவன்ஸ் ஏறிக்கொண்டே இருக்கலாம். அது உங்கள் பணமல்ல. ஆர்டர் போய்ச் சேர்ந்ததும் கூடுதலாக வந்ததைப் பிடிப்பார்கள். மொத்தமாகப் பிடித்தால் கணக்கு டெபிட் பேலன்ஸில் (நீங்கள் திருப்பித் தர வேண்டிய நிலுவையில்) போய், அந்த மாதம் கைக்கு மிகக் குறைவாகவே வரும். குவார்ட்டர்ஸ் வாடகை, கரண்ட் பில் நிலுவையும் இப்படிப் பல மாதத்துக்குச் சேர்ந்து பிடிபடுவதுண்டு.

இடம் மாறியதும் அடுத்த மூன்று பே ஸ்லிப்பை வரி வரியாகப் பாருங்கள். நிற்க வேண்டிய அலவன்ஸ் நிற்கவில்லை என்றால் அந்தத் தொகையைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, யூனிட் கிளார்க்கிடம் ஆர்டர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வர வேண்டியது வராவிட்டாலும் கேட்க வேண்டிய இடம் அதுவே.

படி 4: ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு

விடுப்புதான் முதலிடம். 60 நாள் ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, மொய் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து நிற்கும். 'பட்டாளத்துக்காரர் வந்திருக்கிறார்' என்றால் கைமாற்று கேட்பவர்களும் கூடுவார்கள். போன விடுப்பில் ஆன செலவை 12ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். 36,000 ஆகியிருந்தால் மாதம் 3,000. ஒதுக்கியது தீர்ந்தால் விடுப்புச் செலவும் தீர்ந்தது.

பள்ளிக் கட்டணத்தில் ஒரு சிக்கல். குழந்தைகள் கல்விப்படி, 2024 ஜனவரியிலிருந்து ஒரு குழந்தைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 33,750, இரண்டு குழந்தைகள் வரை. ஆனால் அது கல்வியாண்டு முடிந்து, பள்ளியின் சான்றிதழோடு விண்ணப்பித்த பிறகே வரும். பள்ளியோ ஜூனிலேயே கேட்கும். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கையிலிருந்து கட்டிவிட்டு, வரும் கல்விப்படியை அப்படியே அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கினால் சுழற்சி சரியாகிவிடும்.

இடமாற்றத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாற்றல் மானியம் உண்டு. 24,500க்கு 19,600. புதுப் பள்ளிச் சேர்க்கை, யூனிஃபார்ம், வீட்டு அட்வான்ஸ் மூன்றும் சேர்ந்தால் இது காணாது. மீதி கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

படி 5: கேன்டீன்

ராணுவத்தினருக்குச் சலுகை விலையில் பொருள் தரும் கேன்டீனுக்குள் பட்டியல் எழுதாமல் போகாதீர்கள். வெளியே விலை அதிகம் என்பதற்காக மூன்று மாத ஷாம்பூவை வாங்கி வைப்பது சேமிப்பில் சேராது. சொந்தக்காரர்களுக்கு ஃபிரிட்ஜ், டிவி வாங்கிக் கொடுப்பது விதிக்கும் புறம்பு. அந்தப் பணம் திரும்பி வருவதும் அபூர்வம்.

படி 6: கடனுக்கு இரண்டு எல்லை

எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை, இடப்பக்கத்தில் கைக்கு வரும் தொகையில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. நம் உதாரணத்தில் 8,250. வங்கி முழுச் சம்பளத்தைப் பார்த்து அதற்கு மேலும் தரும், வாங்காதீர்கள். இரண்டாவது எல்லை, கடைசித் தவணை ஓய்வு பெறும் தேதிக்கு முன் முடிய வேண்டும். சிப்பாய்களில் பலர் நாற்பதைத் தொடுமுன்பே வெளியே வருகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பத்தாவது, பன்னிரண்டாவது படிப்பார்கள். பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதிதான்.

அக்னிவீர் (நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்படும் வீரர்) குடும்பம் என்றால் கணக்கே வேறு. முதலாண்டில் மாதச் சம்பளத் தொகுப்பு 30,000. அதில் 9,000, பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் போய் கைக்கு 21,000 வரும். நான்காம் ஆண்டில் 40,000, கைக்கு 28,000. நான்கு ஆண்டு பிடித்தமும் அரசின் சம பங்கும் வட்டி நீங்கலாக 10.04 லட்சம். பென்ஷன் கிடையாது, நிரந்தரமாகச் சேர்க்கப்படுவோர் 25 சதவீதம் வரை மட்டுமே. ஆகவே நாலு ஆண்டைத் தாண்டும் எந்தத் தவணையும் வேண்டாம். சேவா நிதி வரும் என்று காட்டி வீட்டுக் கடனோ அக்கா கல்யாணக் கடனோ முன்கூட்டி வாங்கினால், வெளியே வந்து வேறு வேலை தேடும் மாதங்களுக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. கைக்கு வருவதில் மாதம் 5,000 தனியாகப் போட்டால் நான்கு ஆண்டில் அசல் மட்டும் 2,40,000. அந்த இடைவெளியைக் கடக்க அதை வைத்துக்கொள்ளலாம்.