ஆர்வி பார்க்கில் தங்கப் போகிறீர்களா? பணம் கட்டும்போதே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் தேசியப் பூங்காவுக்கு ஆர்வி (உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கரடி துரத்திய கதை அபூர்வமாகத்தான் வரும். வண்டி இடத்துக்குள் நுழையவில்லை, பிளக் பொருந்தவில்லை, பூங்காவுக்குள் போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிட்டது என்பதுதான் புலம்பலாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை காட்டில் நடந்த தவறுகள் அல்ல. பல மாதங்களுக்கு முன், வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்தபோதே நடந்து முடிந்தவை.

முதல் தவறு தூரக் கணக்கு. "பூங்காவிலிருந்து சில மைல்தான்" என்று எல்லா ஆர்வி பார்க்கும் (ஆர்வியை வாடகைக்கு நிறுத்தித் தங்கும் இடம்) விளம்பரம் செய்யும். பூங்காவின் எந்த வாசலிலிருந்து என்பதை நாம்தான் கேட்க வேண்டும். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு கண்ணுக்கெதிரே, சுமார் 10 மைலில் தெரியும். வண்டியில் போவதென்றால் 200 மைலுக்கு மேல் சுற்ற வேண்டும். கிட்டத்தட்ட 5 மணி நேரம். விளிம்பு மாற்றி இடம் பிடித்துவிட்டால் அந்தப் பயணம் அவ்வளவுதான்.

வாசலை ஒட்டியே தங்கினாலும் பிரச்சினை தீர்வதில்லை. வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர் யெல்லோஸ்டோன் பூங்காவின் மேற்கு வாசலிலேயே இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்கு 30 மைல். உள்ளே வேக வரம்பு 45 மைல்தான், நடுவில் காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றுவிட்டால் அது நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான். யோசெமிட்டி பூங்காவின் கிழக்குப் பக்கத்தில் லீ வைனிங் ஊரில் தங்குகிறவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. அந்தப் பக்கத்தையும் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் இணைக்கும் டியோகா சாலை வழக்கமாக நவம்பர் முதல் மே கடைசி வரை பனியால் மூடப்பட்டிருக்கும்; சில ஆண்டுகளில் ஜூன் தாண்டியும் திறக்காது. ஆகவே வாசலுக்கு எத்தனை மைல் என்று பார்க்காதீர்கள். நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கு, நீங்கள் போகும் மாதத்தில், எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள்.

உள்ளேயா, வெளியேயா?

பூங்காவுக்குள்ளேயே தங்கினால் எல்லா வசதியும் இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. உண்மை பெரும்பாலும் தலைகீழ். பூங்காக்களுக்குள் இருக்கும் பல கேம்ப்கிரவுண்டுகள் (முகாமிட்டுத் தங்கும் இடங்கள்), இன்றைய பேருந்து அளவு வண்டிகளை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில் அமைக்கப்பட்டவை. மரங்களுக்கு நடுவே குறுகலான இடம், கரண்ட் இல்லை, தண்ணீர்க் குழாய் பொதுவானது. யெல்லோஸ்டோனுக்குள் கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க். கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் அங்கே கூடாரத்துக்கும், துணிச் சுவர் கொண்ட மடிப்பு வண்டிகளுக்கும் அனுமதி கிடையாது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்டில் இணைப்பு எதுவும் இல்லை, வண்டி 30 அடிக்கு மேல் இருக்கவும் கூடாது. பக்கத்திலேயே உள்ள டிரெய்லர் வில்லேஜில் மூன்று இணைப்பும் உண்டு. இரண்டும் ஒரே ஊர், ஒரே காடு. பெயரைக் கவனிக்காமல் பதிவு செய்தால் குழந்தைகளோடு இருட்டில் உட்கார வேண்டிவரும்.

உள்ளே இடம் வேண்டுமென்றால் நாள் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகளில் நிறைய இடங்களுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் 6 மாதம் முன்பாகவே பதிவு திறந்துவிடும். யோசெமிட்டியின் பெரிய கேம்ப்கிரவுண்டுகளுக்கு 5 மாதம் முன்பாக, மாதந்தோறும் 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு. கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மே மாதம் உட்கார்ந்து ஜூலைக்கு இடம் தேடுபவருக்கு வெளியே இருக்கும் தனியார் பார்க்குதான் வழி. அதிலொன்றும் குறைவில்லை, ஆர்வியில் புதிதாகப் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன். சூடான குளியல், துணி துவைக்கும் இயந்திரம், சந்தேகம் கேட்க அலுவலகத்தில் ஒரு ஆள், எல்லாம் இருக்கும்.

அடியும் ஆம்பும்

பதிவு செய்யும்போது வண்டியின் நீளம் கேட்பார்கள். வாடகை நிறுவனத்தின் பக்கத்தில் 25 அடி என்று போட்டிருந்ததைப் பார்த்து 25 என்று எழுதிவிடுவார்கள். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டினால் அதுவும் நீளம்தான். கார் ஒன்றை இழுத்துக்கொண்டு போனால், கொக்கியிலிருந்து காரின் கடைசிவரை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கூடவே ஒன்று கேளுங்கள்: ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கமாக நேராக வெளியேறும் இடமா, ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும் இடமா? முதல் தடவை ஓட்டுபவர் சில டாலர் கூடக் கொடுத்தாவது நேராக வெளியேறும் இடத்தை எடுப்பது மேல்.

அப்புறம் கரண்ட். 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு வகை இணைப்பு இருக்கும். 20 ஆம்ப்தானே வித்தியாசம் என்று தோன்றும். 30 ஆம்ப் என்பது 120 வோல்ட்டில் ஒரே லைன், அதாவது 3,600 வாட். 50 ஆம்பில் அப்படிப்பட்ட லைன் இரண்டு வரும், மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டியை அடாப்டர் போட்டு 30 ஆம்பில் செருகலாம், பிளக் பொருந்தும். பொருந்துகிறதே என்பதற்காகக் கரண்ட் கூடிவிடாது. ஒரு ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மைக்ரோவேவைப் போட, இன்னொருவர் முடி உலர்த்தும் டிரையரைப் போட, பிரேக்கர் விழுந்துவிடும். ஆகஸ்ட் மாதம் யூட்டா வெயிலில் இது வேடிக்கையாக இருக்காது. பார்க்கில் கரண்ட் தரும் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகி, பிறகு போடுவதுதான் சரியான முறை. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சர்ஜ் புரொடெக்டரும் (திடீரென்று மின்னழுத்தம் எகிறினால் வண்டியைக் காக்கும் கருவி) இருக்கட்டும். எத்தனையோ பேர் செருகி உருவிய பழைய கம்பங்களை நம்ப முடியாது.

வண்டி போக முடியாத சாலைகள்

ஆர்வியிலேயே தங்கி, ஆர்வியிலேயே பூங்கா முழுக்கச் சுற்றலாம் என்ற திட்டம் சில பூங்காக்களில் நடக்கவே நடக்காது. கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற கோயிங் டு த சன் சாலையில், அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரையிலான மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் ஆர்விகளில் பெரும்பாலானவை இதிலேயே அடிபட்டுவிடும். ஸயன் பூங்காவில் 1930இல் திறந்த மவுண்ட் கார்மெல் சுரங்கப்பாதை அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. பல ஆண்டுகளாகப் பெரிய வண்டிகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கி, எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2026 நடுவிலிருந்து அவற்றை வேறு வழியில் திருப்பிவிடுவதாகப் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. பிரைஸ் கேன்யனிலிருந்து ஸயனுக்குக் காருக்கான மேப்பை நம்பி ஆர்வியில் கிளம்பினால், சரியாக இந்தச் சுரங்கத்தின் வாயில்தான் அது கொண்டுபோய் நிறுத்தும்.

அதனால் தங்கும் இடத்திலிருந்து ஷட்டில் பேருந்து உண்டா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஸயனுக்கு வெளியே ஸ்பிரிங்டேல் ஊரிலிருந்து பூங்கா வாசல்வரை சீசனில் இலவச ஷட்டில் ஓடுகிறது. ஷட்டில் இல்லாத இடத்தில், கூட ஒரு சிறிய காரையும் வாடகைக்கு எடுப்பது வீண் செலவு அல்ல. தினமும் காலையில் கரண்ட் ஒயர், தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி, மாலையில் திரும்ப மாட்டுவதை இரண்டு நாள் செய்தால் இது புரிந்துவிடும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. ஆர்வி பார்க்குக்குக் கட்டிய பணத்தில் பூங்கா நுழைவுக் கட்டணம் அடங்காது. 2026 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கணக்கே வேறு: ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250. அந்தப் பாஸ் இல்லாத வெளிநாட்டவர், 16 வயதும் அதற்கு மேலும் என்றால், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், ஸயன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை வாசலில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

இடத்துக்கு வந்த பிறகு

இருட்டும் முன் வந்து சேருங்கள். ஒருவர் கீழே இறங்கிப் பின்னால் நிற்கட்டும். தரையைப் போலவே மேலேயும் பார்க்கட்டும், கூரையில் உள்ள ஏசிப் பெட்டியைக் கிளைதான் உடைக்கும். கரண்ட் கம்பமும் கழிவுக் குழாயும் வழக்கமாக ஓட்டுநர் பக்கம் வரும்படிதான் அமைத்திருப்பார்கள். முதலில் வண்டியைச் சமமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதன்பிறகே வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறையைத் தள்ள வேண்டும். வெளியே போகும்போதும் தூங்கப் போகும்போதும் வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டிவிடுங்கள். இரவில் திடீரென்று ஒரு காற்று அடித்தால் கம்பியோடு பிய்த்துக்கொண்டு போகும். வாடகை வண்டியின் காப்பீட்டில் பல சமயம் இது அடங்குவதும் இல்லை.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம். கழிப்பறைத் தொட்டி, குளியல் மற்றும் பாத்திரம் கழுவும் நீர்த் தொட்டி என்று வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு. கழிவுக் குழாய் இணைப்பு கிடைத்ததும், வீட்டில் போலத் தானாகவே போய்க்கொண்டிருக்கட்டும் என்று கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். புதியவர்கள் செய்வதில் மிக மோசமான தவறு இதுதான். நீர் மட்டும் உடனுக்குடன் வடிந்துவிடும். திடக்கழிவும் காகிதமும் அடியில் தங்கிக் குவிந்து, காய்ந்து, கல்லாகிவிடும். அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்தபின் திறந்தால், நீரின் வேகமே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். முதலில் கழிப்பறைத் தொட்டி, அது முடிந்ததும் சோப்பு நீர்த் தொட்டி. இந்த வரிசையில் செய்தால் இரண்டாவதாக வரும் சோப்பு நீர் கழிவு ஹோஸைக் கழுவிவிடும். கையுறை போடுங்கள். ஃபிளஷ் செய்யலாம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஈரத் துடைப்பான்களைத் தொட்டியில் போடாதீர்கள், அவை கரைவதில்லை. குடிதண்ணீர் ஹோஸைக் கழிவு ஹோஸ் கழுவ எடுப்பது ஒருபோதும் கூடாது.

குடிதண்ணீருக்கு அதற்கென்றே விற்கும் ஹோஸும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் வேண்டும். சில பார்க்குகளில் தண்ணீர் அழுத்தம் வண்டியின் குழாய்கள் தாங்காத அளவுக்கு இருக்கும். மலைப் பூங்காக்களில் கோடை இரவிலும் உறைபனி வரலாம். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி 7,000 அடிக்கு மேல். அப்படிப்பட்ட இரவுகளில் வண்டியின் குடிதண்ணீர்த் தொட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றிவிடுவது நல்லது. குளிருக்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

கரடி விஷயத்தில் பயத்தைவிட ஒழுங்குதான் உதவும். யோசெமிட்டியில் இரவில் காருக்குள் உணவு வைக்கக் கூடாது, கேம்ப்கிரவுண்டில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். உணவு என்றால் சாப்பாடு மட்டுமல்ல. பற்பசை, சன்ஸ்கிரீன், குழந்தை சீட்டில் சிந்திய பிஸ்கட் துகள் எல்லாமே கரடிக்கு வாசனைதான். கெட்டிச் சுவர் ஆர்விக்குள் வைத்தால், ஆள் இல்லாதபோது ஜன்னலும் மேல் துவாரமும் மூடியிருக்க வேண்டும். வெளியே உள்ள தனியார் பார்க்கில் இந்த விதி பலகையில் இருக்காது. பூங்கா எல்லை எங்கே முடிகிறது என்று கரடிக்குத் தெரியாதே. கிரில்லைக் கழுவாமல் போட்டுவிடாதீர்கள், நாய்க்கு வைத்த கிண்ணத்தையும் உள்ளே எடுத்துவிடுங்கள். யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய், கூகர் எனும் மலைச்சிங்கம் ஆகியவற்றிடமிருந்து 100 கஜம், காட்டெருமை உட்பட மற்றவற்றிடமிருந்து 25 கஜம் தள்ளி நிற்பது சட்டம்.

வீட்டிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு போவதையும் விட்டுவிடுங்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட மரகதச் சாம்பல் மரத் துளைப்பான் என்ற வண்டு, விறகுக் கட்டைகளில் ஒளிந்து ஊர் ஊராகப் போய்க் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. 50 மைல் தாண்டி விறகைக் கொண்டுபோகக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். பல இடங்களில் அது விதியாகவே இருக்கிறது. அங்கேயே வாங்குங்கள், தீத்தடை அமலில் உள்ளதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், அப்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. குளியலறைக்குக் குறுக்கு வழி என்று அடுத்தவர் இடத்துக்குள் புகுந்து போகாதீர்கள். அங்கே அது ஒருவர் வீட்டு முற்றத்தில் நுழைவதற்குச் சமம்.

கிளம்பும் நாளில் எல்லோரும் காலி செய்யும் நேரத்துக்குக் கடைசி அரைமணியில்தான் பரபரப்பார்கள். கழிவு இணைப்பு இல்லாத இடமென்றால் பொதுக் கழிவு நிலையத்தில் அப்போது நீண்ட வரிசை நிற்கும்; காலை உணவுக்கு முன்பே போய்வந்துவிடுங்கள். சாவியைத் திருப்பும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வாருங்கள்: படிக்கட்டு, ஆன்டெனா, கூரைத் துவாரம், சக்கரக் கட்டை, ஒயர். கம்பத்தில் ஒயர் செருகியிருக்கும்போதே வண்டியைக் கிளப்பிவிடுபவர்களை சீசனில் எந்தப் பார்க்கிலும் பார்க்கலாம், அந்தக் கம்பத்துக்கான பில்லும் அவர்கள் பெயருக்கே வரும்.